பீலி லயத்து அம்மாயி: கூடலூர் பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி

இலங்கை மலையகத்து நம்ம தேயிலைத் தோட்டத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எங்கள் அம்மாயி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 89. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கடைசிக் காம்பரா. மேல் டிவிசன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் வாசலில் நின்று ரொட்டித் துண்டு கொடுப்பாரே, அவர்தான். உங்களில் பலர் அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள்.

படுக்கையில் விழவில்லை, யாரையும் சிரமப்படுத்தவில்லை. சனிக்கிழமை ராத்திரி மஸ்கெலியாப் பக்கம் நல்ல மழையாம். அத்தையிடம் சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் தேத்தண்ணி, கேட்டிருக்கிறார். வழக்கம்போலச் சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே பாதி குடித்தார். "மிச்சத்த மூடி வை, காலையில குடிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அத்தை அடுப்புப் பற்றவைக்க எழுந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மூடி வைத்த கோப்பை அப்படியே தலைமாட்டில் இருந்ததாம்.

எனக்குக் கட்டாரிலிருந்து போக முடியவில்லை. தம்பி போனில்தான் எல்லாம் காட்டினான். குளிப்பாட்டும்போது அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஆட்காட்டி விரல் ஓரத்தில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி விழுந்த காய்ப்பு. தோட்டத்தில் பேரைக் கழித்து வேலையிலிருந்து நின்று முப்பது வருஷம் ஆகியும் அது கரையவே இல்லை. சின்ன வயதில் கன்னத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். தூக்கத்தில் தடவினாலும் அம்மாயி என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். அதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கியபோது அம்மாயி 13 வயதுப் பிள்ளை. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அப்போது அம்மாயியும் அவர் தங்கச்சியும் இரண்டு குடும்பமுமாக இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஒன்றாகவே போய்விடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் சின்ன அம்மாயிக்கு முதலில் முறை வந்துவிட்டது. 1974, மாவுக்கும் அரிசிக்கும் நம் சனம் அலைந்து செத்த பஞ்ச காலம்.

ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிடப் போனபோது, சின்ன அம்மாயி தன் சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) காசில் ஒரு புதுச் சேலை வாங்கி வந்து அக்கா கையில் கொடுத்திருக்கிறார். மாம்பழக் கலர் நூல் சேலை, கரும்பச்சைக் கரை. "ராமேஸ்வரத்துல எறங்கும்போது இதக் கட்டிக்கிட்டு வா அக்கா. தூரத்துலயே தெரிஞ்சிக்கிருவேன்."

தாத்தாவுக்குப் பாஸ்போர்ட் வரவே ரொம்ப நாள் ஆனது. வந்த பிறகும் முறைக்குக் காத்திருந்தார்கள். 1984-ல் ராமேஸ்வரம் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அதே வருஷம்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது. அம்மாயி அந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னால் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார். தாத்தா அதன்பின் நாலைந்து வருஷத்தில் காலமாகிவிட்டார்.

சேலை தகரப் பெட்டியிலேயே கிடந்தது. அதை அவர் 'கப்பல் பெட்டி' என்றுதான் சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயப்போட்டு, மடிப்பை மாற்றி, யூகலிப்டஸ் இலை வைத்து மூடுவார். எந்தத் தீபாவளிக்கும் கட்டியதில்லை. 2003-ல் வந்த சட்டத்தால் எழுபதை நெருங்கும் வயதில் குடியுரிமை கிடைத்து, முதல் தடவை ஓட்டுப் போட்டு மை விரலை லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாரே, அன்றாவது கட்டச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தார். "அது அக்கரைக்கு உள்ளது" என்று சொல்லிவிட்டார்.

கடைசி வருஷங்களில் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அம்மாயி கேட்டது, "அங்க மலையில அட்ட கடிக்குமா?" சின்ன அம்மாயி காலைத் தூக்கிக் காட்டினார். அவரும் நீலகிரி கூடலூரில், தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தானே.

திங்கட்கிழமை நீர்மாலை எடுத்து வந்ததும் பெரியவர்கள் கேட்டார்கள், பிறந்த வீட்டுக் கோடித்துணி யார் போடுவது என்று. அம்மாயியின் பிறந்த வீட்டில் இந்தக் கரையில் யாருமே இல்லை. கொஞ்ச நேரம் தப்பு மேளச் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமா உள்ளே போய்க் கப்பல் பெட்டியைத் திறந்தார். சேலை மடிப்பெல்லாம் பழுத்து, ஓரிடத்தில் இற்றுப்போயிருந்தது. அதைத்தான் தங்கச்சி வீட்டுக் கோடி என்று சொல்லிப் போர்த்தினார்கள். தம்பி போனைக் கீழே வைத்துவிட்டான், எனக்கு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாம் நம்பர் மலை ஓரத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பதினாறாம் நாள் கருமாதி லயத்திலேயே நடக்கும். ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சின்ன அம்மாயிக்கு இன்னும் தெரியாது. அவர் பேரனுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் போனில் சொல்ல அவனுக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை. கேதம் என்றால் ஆள் போய்ச் சொல்வதுதான் நம் வழக்கம். கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாராவது ஒரு எட்டு நேரில் போய்ச் சொல்ல முடியுமா? எனக்குத் தனியே எழுதினால் பேரனோடு சேர்த்துவிடுகிறேன். சின்ன அம்மாயிக்கு ஒரு காது கேட்காது, வலப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். வலியில்லாமல் போனார் என்பதை முதலில் சொல்லுங்கள். சேலையைப் போர்த்திய பிறகு தம்பி எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். அவர் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

பீலி லயத்துப் பேரன்