குவாடலூப் தீவில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது, கடற்கரைக்குப் போவதா, வேறு எங்காவது போவதா?

குத்தாலத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான். வரும் பிப்ரவரியில் என்னையும் அவன் அப்பாவையும் கரீபியன் பக்கம் சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போகிறான். நாலைந்து தீவுகளில் நிற்குமாம். அதில் ஒன்று குவாடலூப், துறைமுகம் இருக்கும் ஊர் புவான்ட்-அ-பித்ர். காலை எட்டு மணிக்கு இறங்கினால் மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். கப்பலில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன், கடற்கரை, படகுச் சவாரி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது, திரும்பத் திரும்ப இதேதான். எனக்கு முட்டி வலி. அவருக்கு வயலையும் வாழைத் தோப்பையும் விட்டால் வேறெதிலும் மனசு போகாது. பூம்புகாரும் தரங்கம்பாடியும் பக்கத்திலேயே இருக்கும்போது மணலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்கிறார். அந்தத் தீவில் நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள், மாரியம்மன் கோயில்கூட உண்டு என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். உண்மையா? அந்த ஒரு பகலில் போய் வர முடியுமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் சொல்லுங்கள்.

காரைக்கால்_கீழத்தெரு:
உண்மைதான் அக்கா, அதுவும் நம் கரையிலிருந்து போனவர்கள். குவாடலூப் பிரெஞ்சுக்காரர்களின் தீவு. அவர்கள் 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. அப்போது பாண்டிச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஆள் ஏற்றினார்கள். குவாடலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தது, ஆரேலி என்று பெயர். 1889 வரைக்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள். எல்லோரும் தமிழர் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும் பங்கு தென்னிந்தியர்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. காரைக்காலில் வளர்ந்த எனக்கே பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, அந்த ஆதங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

நீங்கள் போக வேண்டிய இடம் காபெஸ்தேர்-பெல்-ஓ. ஊருக்குப் பக்கத்தில் ஷாஞ்சி என்ற இடத்தில், பெரிய சாலையை ஒட்டியே கோயில் இருக்கிறது. மாரியம்மனை மாலியெமென் என்கிறார்கள், மதுரைவீரனையும் கும்பிடுகிறார்கள். மொழி கைவிட்டுப் போய்விட்டது, பிரெஞ்சும், கிரியோல் என்ற அந்தத் தீவின் கலப்பு மொழியும்தான் பேசுகிறார்கள், ஆனால் பூசையில் பாடுகிற பாட்டு தமிழ்தான், தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பூசை நாளில் ஆடு வெட்டுவார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆன்றி சிதம்பரம், அதே காபெஸ்தேரில் பிறந்தவர். அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1904-ல் வழக்குக்குப் போனார். 1923 வரை விடாமல் நின்று வாங்கிக் கொடுத்தார். கோயில் வாசலில் இறங்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகை_கப்பல்_சமையல்:
அம்மா, நான் சுற்றுலாக் கப்பலில் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்தத் துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, சின்னப் படகுக்கு மாறி இறங்கும் தொல்லை இல்லை, உங்கள் முட்டிக்கு நல்லது. காபெஸ்தேருக்குச் சாலை நெரிசல் இல்லையென்றால் அரை மணி, முக்கால் மணிதான். ஆனால் அந்தத் தீவு உண்மையில் இரண்டு துண்டு, நடுவில் ஒரு குறுகலான கடல்கால். துறைமுகம் ஒரு துண்டில், கோயில் இன்னொரு துண்டில். பாலம் தாண்டித்தான் போக வேண்டும், காலையிலும் சாயங்காலமும் அங்கே வண்டிகள் நகராமல் நிற்கும். அதனால் இறங்கியவுடன் கிளம்பிவிடுங்கள், இரண்டு மணிக்குத் துறைமுகம் பக்கம் வந்துவிடுங்கள், மிச்ச நேரத்தை ஊருக்குள் செலவழிக்கலாம். கப்பல் வழியாகப் பதிவு செய்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த டாக்ஸி என்றால் காத்திருக்காது, ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். டாக்ஸிக்காரரிடம் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டு ஏறுங்கள். பணம் யூரோ, டாலரை நம்பிப் போகாதீர்கள்.

பிப்ரவரி என்கிறீர்கள், அது அவர்களுக்குக் கார்னிவல் என்ற தெருத் திருவிழாக் காலம். அதன் கடைசி நாட்களில் கடைகள் மூடியிருக்கும், சாலையை மறித்து ஊர்வலம் போகும். ஞாயிற்றுக்கிழமையும் ஊர் அடங்கித்தான் இருக்கும். கப்பல் நிற்பது என்ன கிழமை என்று மகனை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

விசாவையும் மறக்க வேண்டாம். பிரான்ஸ் மண்தான், ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான சாதாரண ஷெங்கன் விசாவில் இந்தத் தீவுகள் அடங்காது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் அமெரிக்காவில் திரும்பி இறங்குவதே சிக்கல்.

சாப்பாட்டில் கவனம். தெருவில் சூடாக அக்ரா என்று விற்பார்கள், பார்க்க நம் போண்டா மாதிரியே இருக்கும், பெரும்பாலும் உள்ளே கருவாடு. கொலம்போ என்பது மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயமெல்லாம் போட்ட குழம்பு, ஆட்டுக்கறியோ கோழியோ போட்டிருப்பார்கள். காலையில் கப்பலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்குவதுதான் நல்லது. புவான்ட்-அ-பித்ர் சந்தையில் அந்தக் கொலம்போ பொடி பொட்டலமாகக் கிடைக்கும், அதை வாங்கி வந்து கத்தரிக்காய் போட்டு வைத்துப் பாருங்கள்.

திருவையாறு_படுகை:
அம்மா, ஐயாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். காபெஸ்தேர் வாழை விளையும் பகுதி. பின்னால் லா சூஃப்ரியேர் எரிமலை, மழைக்குப் பஞ்சமில்லை, போகிற வழியெல்லாம் தோட்டம்தான். நமக்குப் பூவனும் ரஸ்தாளியும், அவர்களுக்குக் கேவண்டிஷ், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆகிறது. பிப்ரவரியில் கரும்பு வெட்டும் தொடங்கியிருக்கும்.

ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள். வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற மருந்தை அந்தத் தோட்டங்களில் போட்டார்கள். அது மண்ணை விட்டுப் போகவே இல்லை, இன்னும் பல நூறு வருடம் இருக்கும் என்கிறார்கள். கிழங்கு வகைகளிலும் ஆற்று மீனிலும் கடலிலும் கலந்துவிட்டது, சில இடங்களில் மீன் பிடிக்கவே தடை. கூன்வண்டு நம் கொல்லையிலும்தான் இருக்கிறது. கடையில் கொடுக்கிற மருந்தை என்ன ஏதென்று கேட்காமல் கொட்டுகிற நம் ஆட்கள் அந்த மண்ணின் கதையைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கன்று எதுவும் எடுத்துவர நினைக்க வேண்டாம். கருப்பு சிகடோகா என்ற இலை நோய் அந்தத் தீவில் இருக்கிறது.

குத்தாலத்துக்காரி:
மூன்று பேருக்கும் நன்றி. அவரிடம் படித்துக் காட்டினேன், கடற்கரை வேண்டாம், கோயிலும் தோட்டமும் போதும் என்று சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன். புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலிலிருந்து குங்குமமும் ஒரு மஞ்சள் துணியும் கொண்டுபோய் அங்கே கொடுக்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

காரைக்கால்_கீழத்தெரு:
தாராளமாகக் கொடுங்கள் அக்கா. சன்னதிக்குள் நீங்களாகப் போய் வைக்காமல், அங்கே பூசை செய்கிறவர் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். "நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம், உங்கள் முன்னோர் கப்பல் ஏறிய ஊருக்குப் பக்கம்" என்று பிரெஞ்சில் எழுதி உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், அதைக் காட்டினால் போதும்.

நாகை_கப்பல்_சமையல்:
குங்குமம், துணி பிரச்சினை இல்லை. பூ, பழம், சாப்பாடு எதையும் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், இறங்கும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒருவேளை மகன் கடற்கரைக்கும் போகலாம் என்றால், தண்டில் சிவப்புச் சாயம் பூசிய மரத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். மன்சினீல் மரம், காய் பார்க்க ஆப்பிள் போல இருக்கும், விஷம். மழை பெய்தால் அதன் அடியில் நிற்கவே கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் வெந்து கொப்பளித்துவிடும்.