பிரேக்கில் கால் வைத்தும் வண்டி சொன்னபடி கேட்காத நேரம்: உங்கள் அனுபவம்?

வெண்ணாற்றங்கரை:
குறுவைக்குச் சேற்றுழவு முடித்து, சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றிப் போட்டுவிட்டு நீடாமங்கலம் பக்கம் ஆற்றங்கரை ரோட்டில் டிராக்டரில் வந்துகொண்டிருந்தேன். டிராக்டரில் இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதி. வயலில் திருப்புவதற்காக இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொக்கியை எடுத்துவிட்டிருந்தேன். மறுபடி மாட்டவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓட, மிதித்தேன். காலில் அகப்பட்டது வலது மிதி மட்டும். வலது பின்சக்கரம் பிடித்துக்கொள்ள, இடது சக்கரம் ஓட, வண்டி நேரே ஆற்றைப் பார்த்துத் திரும்பியது. ஸ்டியரிங்கை ஒடித்தும் பயனில்லை. முன்சக்கரம் கரை விளிம்பில் நாணலை அமுக்கிக்கொண்டு நின்றது. ஒரு மண்கட்டி உருண்டு தண்ணீரில் ‘தொபுக்’ என்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நெல் ஏற்றிய டிரெய்லர் பின்னால் இருந்திருந்தால் அதுவே தள்ளிவிட்டிருக்கும்.

முத்துப்பேட்டை மொபெட்:
எனக்கு ஐப்பசி மழையில். முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டிக் கடந்து, மேட்டில் ஏறி ஓட்டினேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள். இரண்டு லீவரும் கைப்பிடியில் முட்டும்வரை இழுத்தேன், வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரு சிறுமி குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கியதால் தப்பித்தோம். என் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக், மூடிய கிண்ணம் மாதிரி. உள்ளே புகுந்த தண்ணீர், டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே நின்றுவிட்டது. பின்னால் வந்த நண்பனுடையது டிஸ்க், அது திறந்தே இருப்பதால் பேட் பட்டதும் ஈரம் வழிந்துவிடும், அவன் நின்றுவிட்டான். பஸ், லாரி இன்னும் மோசம். பிரேக்குக்கான காற்று போனால் பிரேக்கே கிடையாது.

டெப்போக்காரன்:
தம்பி, கடைசி வரி தப்பு. நான் 20 வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன். மிதித்தால் பிடிக்கிற பிரேக்குக்குக் காற்று வேண்டும், உண்மைதான். ஆனால் பின்சக்கரத்தில் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரு ரயில்வே கேட்டில் அப்படித்தான் ஆனது. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய் பிய்ந்து ‘புஸ்’ என்றது, எச்சரிக்கை பஸ்ஸர் அலறியது, வண்டி இறுகி நின்றுவிட்டது. பின்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டே அடி. ஜனங்கள் இறங்கித் தள்ளியும் அசையவில்லை. கண்ணாடியில் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்த பார்வை கனவில் வருகிறது. காற்றழுத்த மீட்டர் முள் இறங்கும்போது மிதித்து மிதித்து விடாதீர்கள். இருக்கிற காற்றும் போய்விடும்.

குடந்தைவாசி:
என்னுடையது சின்ன விஷயம். அணைக்கரைப் பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துக் காரை உருளவிட்டேன். இரண்டாவது மிதிக்கே பெடல் கல்லாகிவிட்டது. பிரேக் மிதியை லேசாக்குவது பூஸ்டர். எஞ்சின் ஓடினால்தான் அதற்கு வேக்குவம் கிடைக்கும். தேங்கியிருப்பது ஓரிரு மிதிக்குத்தான்.

எல்லோருக்கும் சொல்கிறேன், பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறினபின் அந்த அளவு 155 டிகிரிதான். சூட்டில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள், மேலே ஊற்றி நிரப்புவது போதாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல் ஊதிவிடும். தண்ணீரில் இறங்கி ஏறிய மொபெட்டில் லீவரை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுங்கள், சூட்டில் ஷூவின் மேலுள்ள லைனர் காயும். டிராக்டர்காரரே, இப்போது ஆயிலில் மூழ்கிய பிரேக் வருகிறது. அதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, என்னுடையதே ஆயில் பிரேக்தான். சேறும் தண்ணீரும் உள்ளே போகாது, அதுக்கு நல்லது. ஆனால் மிதி அதிலும் இரண்டுதான், கொக்கியும் கையால் மாட்டுவதுதான். இப்போது வரப்பை விட்டு ரோட்டில் ஏறும் இடத்திலேயே நிறுத்தி மாட்டிவிடுகிறேன். பக்கத்து வயல்காரர் பையன் நேற்று கொக்கி போடாமல் போனான். கூப்பிட்டேன், எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.