ஆறு வண்ண போட்டோ பிரிண்டர்: ஹெட் மாற்றுவதா, புதியது வாங்குவதா?

செங்கோட்டை ஸ்டுடியோ எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பள்ளி அடையாள அட்டைக்கான படங்கள், ஏ4 அளவு வரையிலான குடும்பப் படங்கள் ஆகியவையே பெரும்பாலான வேலை. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பயன்படுத்துவது டாங்கில் மை ஊற்றும் ஆறு வண்ண பிரிண்டர் ஒன்று. மையைத் தாளில் தெளிக்கும் அதன் ஹெட் பீசோ வகையைச் சேர்ந்தது. வாங்கி ஐந்து ஆண்டுகளாகின்றன. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

ஆடியில் நம் பக்கத்திலும், கர்க்கடகத்தில் மலையாளப் பக்கத்திலும் திருமணம் நடப்பதில்லை என்பதால் கடையில் வேலை குறைந்து, பிரிண்டர் தொடர்ந்து பல நாள்கள் ஓடாமல் இருந்தது. மீண்டும் ஓட்டியபோது படங்களில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுகின்றன. முகங்கள் பச்சை பாய்ந்து தெரிகின்றன. அருகில் உள்ள கடையில் காட்டியதற்கு, ஹெட் போய்விட்டது, கூலியுடன் 11,000 ரூபாய் ஆகும், அதற்கும் மூன்று மாதத்துக்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதே தரத்தில் புதிய பிரிண்டர் ஏறக்குறைய 25,000 ரூபாய் என்று விலை சொன்னார்கள். பாதி விலைக்குச் சற்றுக் குறைவான தொகையைப் பழைய இயந்திரத்தில் போடுவது அறிவுடைமையா? புதியதுதான் என்றால் இதே வகையை வாங்குவதா, ரிப்பன் போட்டு அச்சிடும் வகைக்கு மாறுவதா? ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

புனலூர் சர்வீஸ் எழுதியது:

அண்ணாச்சிக்கு வணக்கம். புனலூரில் பிரிண்டர் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன்; சொந்த ஊர் கடையநல்லூர். 11,000 ரூபாய் கொடுக்கலாமா என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், ஹெட் உண்மையிலேயே பழுதாகிவிட்டதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கோடு விழுந்தாலே ஹெட்டின் மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஹெட் மாற்றும்போது, ஹெட்டை மூடும் கேப்பும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரும் சேர்த்துச் சுத்தம் செய்யப்படுவதால் குறை தீர்ந்துவிடுகிறது. எதனால் தீர்ந்தது என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை. பீசோ ஹெட், மையைச் சூடாக்கித் தள்ளுவதில்லை. மின்னழுத்தம் பட்டதும் வளையும் நுண்ணிய தகடுதான் மையைத் தள்ளுகிறது. ஆகவே அது எரிந்துபோவது குறைவு, அடைத்துக்கொள்வதே அதிகம்.

நாசில் செக் (ஹெட்டின் எல்லாத் துளைகளிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஒரு முறை கிளீனிங் கொடுத்துவிட்டு மறுபடியும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடங்களில் கோடுகள் விடுபட்டிருந்தால், அந்தத் துளைகளில் மை உறைந்திருக்கிறது அல்லது அவற்றின் மின்பகுதி செயலிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். விடுபடும் இடம் தாளுக்குத் தாள் மாறிக்கொண்டிருந்தால் துளைகளின் மேல் குற்றமில்லை. மை வரும் வழியில் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது ஹெட்டை மூடும் கேப் சரியாகப் பொருந்தாமல் பம்பின் உறிஞ்சல் போதாமல் இருக்க வேண்டும். ஒரு நிறம் மட்டும் முழுவதுமாகக் காணாமல் போயிருந்தால், அந்த நிறத்துக்குரிய டேம்பரையும் (ஹெட்டுக்கு மேலுள்ள சிறு மை அறை) குழாயையும் முதலில் பார்க்க வேண்டும். முகம் பச்சையாகத் தெரிவதால், வெளிர் மெஜந்தா எனும் இளஞ்சிவப்பு மை குறைவாக வருகிறது என்பது என் ஊகம்.

இன்னொரு சோதனையையும் நீங்களே செய்யலாம். பிரிண்டர் ஓடத் தொடங்கி ஹெட் நடுவில் வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வலது ஓரத்தில் இருக்கும் கேப்பில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சில சொட்டுகள் விட்டு நிரப்புங்கள். மறுபடி மின்சாரம் கொடுத்து ஒரு கிளீனிங் முடிந்த பிறகு, முன்போலவே ஹெட்டை விலக்கிப் பாருங்கள். தண்ணீர் போயிருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. அப்படியே தேங்கி நின்றால் உறிஞ்சலே இல்லை. அந்த நிலையில் எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் பயன் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாகக் கிளீனிங் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். மை வீணாவதோடு அந்தக் கழிவு மையை உறிஞ்சிக்கொள்ள அடியில் உள்ள வேஸ்ட் பேடும் நிரம்பும். அது நிரம்பிவிட்டதாக உள்கணக்கு காட்டினால் பிரிண்டர் அச்சிடவே மறுத்து நின்றுவிடும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பழுதுபார்க்க வேண்டாம் என்பேன். ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளில் மை கசிந்து ஷார்ட் ஆகியிருந்தால் மெயின் போர்டும் சேதமடைந்திருக்கக்கூடும். போர்டைச் சோதிக்காமல் புதிய ஹெட்டை மாட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஹெட், போர்டு இரண்டையும் மாற்றுகிற செலவுக்குப் புதியதே வாங்கிவிடலாம்.

குமுளி ஸ்டுடியோ எழுதியது:

புனலூர் நண்பர் சொன்ன சோதனைகள் சரியானவையே. ஆனால் கடை நடத்துகிறவனின் கணக்கு வேறு. பழுதுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, பிரிண்டர் இல்லாமல் திருப்பியனுப்பும் வாடிக்கையாளர்களால் வரும் நட்டம் பெரிது. எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக் கூட்டம் வந்துவிடும். படம் எடுத்த கையோடு கேட்பவர்களை நாளை வாருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ரிப்பன் வகைக்கு மாறிக்கொண்டேன். மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய மூன்று நிறங்களையும், கடைசியில் பாதுகாப்புப் பூச்சையும், வெப்பத்தால் தாளின் மேல் ஏற்றித் தருகிறது. மை உறைவது என்ற பேச்சே இல்லை. ஒரு மாதம் கழித்து ஓட்டினாலும் முதல் படமே சரியாக வரும். வெளியே வரும்போதே காய்ந்திருப்பதால், மழைக்காலத்திலும் கைரேகை பதிவதில்லை. 4x6 அங்குலத் தாளில் 35x45 மில்லிமீட்டர் படங்கள் எட்டு அடங்கும்.

சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. படத்தில் வெள்ளையே அதிகமாக இருந்தாலும் ரிப்பனில் ஒரு முழுப் பங்கு செலவாகிவிடும். ரிப்பனும் தாளும் அந்தந்த மாடலுக்கென்றே வருவதால், அவை சந்தையில் நின்றுபோனால் இயந்திரமும் அத்துடன் முடிந்தது. தெர்மல் ஹெட்டில் தூசி ஒட்டினாலும் ஒரு புள்ளி எரிந்தாலும், தாள் நகரும் திசையில் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வெள்ளைக்கோடு விழும். (பயன்படுத்திய ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். அச்சிட்ட ஒவ்வொரு முகமும் அதில் நெகட்டிவாகப் பதிந்திருக்கும்.)

கம்பத்திலிருந்து ஒரு கணக்கர் எழுதியது:

ஐயா, விலையை ஒப்பிடும்போது வரியையும் பாருங்கள். 25,000 ரூபாய் என்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை என்றால், அதில் ஏறக்குறைய 3,800 ரூபாய் வரியாகும். நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் முடியாது. பழுதுபார்க்கும் கடைக்காரர் ரசீது தராவிட்டால் அந்தச் செலவில் கழிக்க எதுவும் இல்லை.

செங்கோட்டை ஸ்டுடியோ எழுதியது:

அனைவருக்கும் நன்றி. புனலூர் நண்பர் சொன்னபடியே செய்து பார்த்தேன். நாசில் செக்கில் விடுபடும் இடங்கள் தாளுக்குத் தாள் மாறுகின்றன. அவர் ஊகித்ததுபோல வெளிர் மெஜந்தாவில் அதிகம், சயானிலும் கொஞ்சம் இருக்கிறது. கேப்பில் விட்ட தண்ணீர் கிளீனிங்குக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. கேப்பின் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை கட்டியாக ஒட்டியிருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

குமுளி நண்பரின் யோசனையைப் பற்றியும் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக ஏ4 அளவில் கேட்கிறார்கள். சிறிய ரிப்பன் பிரிண்டரில் அந்த அளவு வராது. அந்த அளவு வரும் இயந்திரத்தின் விலை என் கைக்கு எட்டாது.

புனலூர் சர்வீஸ் எழுதியது:

அப்படியென்றால் ஹெட் மாற்ற வேண்டியதில்லை, அண்ணாச்சி. மை கட்டியதால் கேப் பொருந்தாமல் இருக்கிறது, அல்லது கேப்பிலிருந்து பம்புக்குப் போகும் சிறிய குழாய் அடைத்திருக்கிறது. முதலில் பேட்டரித் தண்ணீரில் நனைத்த, பஞ்சு பிரியாத துணியால் ரப்பர் விளிம்பைத் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் ஓட்டாமல் வைத்திருந்து, காலையில் ஒரு கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். சாராயம் கலந்த திரவம் எதையும் ரப்பரில் படவிடாதீர்கள். நாளடைவில் ரப்பர் உப்பிவிடும். தண்ணீர் அப்போதும் இறங்கவில்லை என்றால் கேப்பும் பம்பும் சேர்ந்த பகுதியை மாற்ற வேண்டியிருக்கும். அது ஹெட் விலையில் சிறு பங்குதான். அதை மாற்றிய பிறகும் சில துளைகள் திறக்காவிட்டால், அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசுவோம். அந்தக் கட்டத்தில் இந்த வயதுள்ள இயந்திரத்துக்கு 11,000 ரூபாய் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கே கொண்டுவருவதாக இருந்தால், மை டாங்கின் பக்கத்தில் போக்குவரத்து லாக் இருக்கிறதா என்று பார்த்து அதை மூடிவிடுங்கள். ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளில் பிரிண்டர் சாய்ந்தால் மை குழாய்களில் ஏறி, பட்டைக் கேபிள் வரை கசிந்துவிடும். காரின் இருக்கையில் வைக்காமல் கால் வைக்கும் தரையில் சமமாக வைத்து, இரு பக்கமும் அணை கொடுத்துக் கொண்டு வாருங்கள். நாசில் செக் எடுத்த தாள்களையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.