ஆமையாகப் பிறந்த ராஜா மகன் கதை யாருக்காவது முழுசாகத் தெரியுமா?

சுங்கை சிப்புட் தங்கச்சி:
வணக்கம். மலேசிய ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயத்து வீட்டில் பாட்டி சொன்ன கதை, எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ராஜாவுக்கு ஆமை பிறக்கும், மந்திரிக்குப் பெண் பிறக்கும், பிள்ளைகளைக் கட்டிக்கொடுப்பதாக முன்பே வாக்குக் கொடுத்திருப்பார்கள். பாரிஜாதப் பூ கொண்டுவந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்பாள் அவள். ஆமை கிளம்பும். பாட்டி சொல்லும்போது அது காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டி, ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் லோங்காங் என்கிற சாக்கடையில் இறங்கி, ரப்பர் மர நிரையில் ஊர்ந்து, கீழே கிடக்கும் பால் பிடிக்கிற மங்கில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்துப் போகும். வழியில் கண்மூடிய முனிவர்கள் வருவார்கள். அதற்குப் பிறகு? சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கோலகங்சார் வாத்தியார்:
இது மதனகாமராஜன் கதை என்ற பழைய கதைத் தொகுப்பில் வருவது. நடேச சாஸ்திரி 1886இலேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். தமிழில் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், பாட்டி காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும். பூ கிடைக்கும், கல்யாணமும் நடக்கும். புத்தகத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள், லோங்காங்கையெல்லாம் எடுத்துவிடலாம்.

பழைய லயத்து ஆள்:
லோங்காங்கை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன சார் மிச்சம்? எங்கள் அம்மா சொன்னதில், ராத்திரி அவன் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போவான், பொண்டாட்டிக்காரி அதைத் தூக்கி ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் அடுப்பில் எறிந்துவிடுவாள். படீர் என்று வெடிக்கும். அம்மா இரண்டு கையையும் தட்டுவார், நாங்கள் அலறுவோம். புத்தகத்தில் அந்த அடுப்பு கிடையாது.

1950, 60களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது சனம் மூலைக்கொருவராகப் போய்விட்டது, இந்தக் கதைகளை உட்கார்ந்து கேட்கவும் ஆளில்லாமல் போனது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்பவே கேளுங்கள். கதை சொல்லுங்க என்றால் எனக்கு என்ன தெரியும் என்பார்கள். நீங்களே தப்பும் தவறுமாக ஆரம்பியுங்கள், பொறுக்கமாட்டார்கள், திருத்த வந்துவிடுவார்கள். போனில் பதிவு செய்வதை மட்டும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

குளுவாங் தம்பி:
நான் பழைய லயத்து அக்கா பக்கம். ஜெர்மனியில் ஷோன்வெர்த் என்று ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் பவேரியா கிராமத்து ஆட்களிடம் கதை கேட்டு எழுதி வைத்தார், ரேகன்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கிடந்த அதிலிருந்து சுமார் 500 கதைகள் கிடைத்த செய்தி 2012இல் உலகம் முழுக்கப் பரவியது. கிரிம் சகோதரர்கள் 1812இல் போட்ட கதைத் தொகுப்பைப் பதிப்புக்குப் பதிப்பு மெருகேற்றிக்கொண்டே போனார்கள், இவர் கிராமத்தான் வாயில் வந்தபடி கரடுமுரடாகவே விட்டுவிட்டார். அதுதான் இப்போது படிக்கச் சுவையாக இருக்கிறது, கொஞ்சம் குழப்பமாகவும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

சுங்கை சிப்புட் தங்கச்சி:
நன்றி சார், நன்றி அக்கா. பூ கிடைக்கும் என்று சார் சொல்லிவிட்டார், அடுப்பை அக்காவிடம் கடன் வாங்கிக்கொள்கிறேன். அந்த முனிவர்கள் ஆமையிடம் என்ன கேட்டார்கள் என்று மட்டும், புத்தகம் கையில் உள்ளவர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்களேன். இல்லாவிட்டால் நானே ஏதாவது கேட்க வைத்துவிடுவேன்.