புதுப்பிப்பு: ஒரே தொகுப்பா, தனித்தனிக் கருவிகளா?

பாம்பனுக்கு அருகே கடற்புல் படுகையில் எடுத்த வண்டலின் 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை இனங்காண உதவுவது) வரிசைகளை ஆராய, சைம் 2 (QIIME 2) என்னும் ஒருங்கிணைந்த மென்பொருள் தொகுப்பு போதுமா, தேவையற்ற முனைத் துண்டுகளை வெட்டும் கட்அடாப்ட், வாசிப்புப் பிழைகளைக் களைந்து வரிசைகளை இணைக்கும் டாடா2 ஆகிய கருவிகளைத் தனித்தனியே இயக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

சைம் 2 தொகுப்பில் ஓட்டியபோது பாதிக்கு மேற்பட்ட வரிசைகள் காணாமல் போயின. டாடா2-வை ஆர் நிரல்மொழியில் படிப்படியாக ஓட்டியபோதுதான் காரணம் புலப்பட்டது. 16எஸ் மரபணுவில் நான் ஆராயும் வி3–வி4 பகுதி, தொடக்கிகளை (மரபணுவை நகலெடுக்கச் சேர்க்கும் சிறு துண்டுகளை) நீக்கிய பிறகும், ஏறத்தாழ 400 முதல் 430 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளம் கொண்டது; ஒரு முனையிலிருந்து வரும் முன்வாசிப்பை 230-லும் மறுமுனையிலிருந்து வரும் பின்வாசிப்பை 190-லும் நான் வெட்டியிருந்ததால், இணைவதற்குக் குறைந்தது 12 காரங்களாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்ற நிபந்தனையை நீண்ட வரிசைகள் நிறைவேற்ற முடியவில்லை. 250, 200 என மாற்றியதும் பெரும்பாலானவை இணைந்தன.

தொகுப்பைக் குறை சொல்வது நியாயமாகாது: அதனுள் ஓடுவதும் அதே டாடா2தான், இழப்பும் அதன் புள்ளிவிவர அட்டவணையில் பதிவாகியிருந்தது. ஆகவே வெட்டும் அளவுகளைத் தனிக் கருவியில் சோதித்து உறுதிசெய்து, இறுதி ஓட்டத்தைச் சைம் 2-இல் செய்கிறேன். ஒவ்வொரு கோப்பும் தான் உருவான வழியைத் தன்னுள்ளேயே சுமப்பதால், அடுத்த பருவ மாதிரிகளை எங்கள் மாணவர்கள் அதே அளவுகளில் ஆராய முடியும்.