தைராய்டு மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகியும் சோர்வு குறையாதது ஏன்?

கேள்வி:
தைராய்டு குறைபாட்டுக்காக என் தாயார் நாள்தோறும் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் உட்கொள்கிறார். மூன்று வாரமாகியும் சோர்வு குறையவில்லை. தைராய்டு மிகையுள்ள என் அக்காவுக்கோ கார்பிமசோல் கொடுத்திருக்கிறார்கள். இவை எவ்வாறு வேலை செய்கின்றன?

மறுமொழி 1:
லெவோதைராக்சின் சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. சுரப்பி சுரக்கவேண்டிய டி4 என்னும் தைராய்டு ஹார்மோனை வெளியிலிருந்து ஈடுசெய்கிறது. இம்மருந்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 7 நாள் என்பதால் இரத்தத்தில் அளவு நிலைபெறவே ஐந்தாறு வாரங்கள் ஆகும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனையை 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் செய்யச் சொல்வதும் இதனால்தான். மாத்திரையை எதனுடன் உட்கொள்கிறார்?

கேள்வி கேட்டவர்:
காலைக் காப்பியுடன், உடனே கால்சியம் மாத்திரையும்.

மறுமொழி 1:
பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி அருந்தட்டும். கால்சியமும் இரும்புச்சத்தும் மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

மறுமொழி 2:
கார்பிமசோல், தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுத்துப் புதிய ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்துள்ள இருப்பு தீரச் சில வாரங்களாகும் என்பதால், அதுவரை படபடப்பைத் தணிக்கப் புரோப்ரனலோல் தருவதுண்டு. அக்காவுக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், சளி என்று விட்டுவிடாமல் மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்த வெள்ளணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். அரிதாக இம்மருந்து அவற்றை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.