ஐந்து மாதப் பாப்பாவோடு அம்மா வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு: தூளியும் தாய்ப்பாலும்

புதுக்குடித்தனம் கேட்டது:

பாப்பாவுக்கு அஞ்சு மாசம் முடியுது. இந்த வாரக் கடைசியில தேனியில இருந்து சென்னை வாடகை வீட்டுக்குக் கிளம்புறோம். அடுத்த மாசம் 26 வார லீவு முடிஞ்சு ஆபீஸ். போக வர எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் வெளியில இருப்பேன். பகல்ல அத்தை (மாமியார்) பார்த்துக்குவாங்க.

பாப்பா பகல்ல தூளியிலதான் தூங்குறா. அந்த வீட்டுல ஃபால்ஸ் சீலிங், கொக்கியே கிடையாது. ஃபேன் கொக்கியில கட்டலாமா? அப்புறம், தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறா. எவ்வளவு எடுத்து வைக்கணும், எத்தனை நாள் தாங்கும்? பாட்டில் பழக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

நூல்சேலை:

ஃபால்ஸ் சீலிங் அட்டையில ஒண்ணுமே தொங்கவிடாதீங்க, அது தன்னைத் தாங்குறதே பெரிசு. ஃபேன் கொக்கி காங்கிரீட் கம்பியோடு சேர்த்துப் போட்டதா இருந்தா எடை தாங்கும். ஆனா பழைய வீட்டுல துருப்பிடிச்சு மெலிஞ்சிருந்தா கீழே இருந்து தெரியாது. தவிர, ஃபேனைக் கழட்டிட்டுத் தூளி கட்டினா சென்னையில காத்துக்கு எங்கே போறது? வாடகை வீட்டுக்கு இரும்பு ஸ்டாண்டு வாங்குறதுதான் சரி. மாட்டினதும் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு பத்து நிமிஷம் ஆட்டிப் பாருங்க. கால் நகருதா, போல்ட் தளருதான்னு அதுலயே தெரிஞ்சுடும். ஸ்பிரிங் போட்டா அதுக்குள்ள ஒரு நல்ல கயிறும் விட்டுக் கட்டணும். ஸ்பிரிங் அறுந்தா கயிறு பிடிச்சுக்கும்.

சேலை பழைய நூல் சேலையா இருக்கட்டும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நடுவுல நைஞ்ச இடம் இருந்தா வேண்டாம். பட்டு, பாலியெஸ்டர்ல முடிச்சு வழுக்கும், உள்ள காத்தும் போகாது. தூளியோட அடி தரையில இருந்து ஒரு அடிக்கு மேல போக வேண்டாம். கீழே ஜமக்காளத்தை மடிச்சுப் போட்டு வைங்க. சேலையை விரிச்சுப் பிடிக்கிற தொட்டில் கட்டையை ரெண்டு பக்கமும் துணியோட கட்டிடுங்க. சும்மா செருகி வெச்சா ஒரு நாள் பிள்ளை முகத்துல விழும்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். தூளியில முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல முட்டும், மூச்சுக்குழல் குறுகும். அதனாலதான் ராத்திரித் தூக்கத்துக்கு டாக்டருங்க வேண்டாங்குறாங்க. தூளி பகலுக்கு, அதுவும் பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். ராத்திரிக்கு மெத்துன்னு அமுங்காத மட்டமான படுக்கையில மல்லாக்கப் போடுங்க, தலையணை வேண்டாம். இப்ப இருக்கிற தூளிச் சேலையைத் துவைக்காம கொண்டுவந்து அந்தப் படுக்கை மேல இழுத்துச் செருகி விரிங்க. இடம் புதுசானாலும் வாசனை பழகினது. குப்புற விழ ஆரம்பிச்சுட்டா தூளியை அவிழ்த்துடலாம்.

பாலாடை:

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 மில்லின்னு கணக்கு. ஒன்பது மணி நேரத்துக்கு 270, கைக்கு 300 இருந்தா போதும். 60 மில்லி 60 மில்லியா பிரிச்சு வைங்க. 150ஐ மொத்தமா சூடாக்கி, பாப்பா பாதியில தூங்கிட்டா மிச்சத்தைக் கொட்டணும். வாய் வெச்ச பாலை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது.

வேலைக்குப் போறதுக்கு மூணு வாரம் முன்னாடியே எடுக்கத் தொடங்குங்க. காலைல முதல் பால் குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா நல்லா வரும். கையால எடுக்கிறப்ப காம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க, வலிதான் மிச்சம். கருவட்டத்தோட ஓரத்துல கட்டைவிரல் மேலயும் ஆள்காட்டி விரல் கீழயும் வெச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் சேர்த்து அமுக்கி விடணும். ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், அடுத்த பக்கம் அஞ்சு நிமிஷம்னு மாத்தி மாத்தி மொத்தம் இருபது முப்பது நிமிஷம். முதல் நாள் 20 மில்லி வந்தாலே சந்தோஷப்படுங்க.

வெளியில நாலு மணி நேரம், பிரிட்ஜ்ல நாலு நாள். தனிக் கதவு உள்ள ஃப்ரீசர்னா ஆறு மாசம் வரைக்கும். ஒத்தைக் கதவு பிரிட்ஜுக்குள்ள இருக்கிற ஐஸ் பெட்டின்னா ரெண்டு வாரம்தான். கதவுத் தட்டுல வைக்காதீங்க, திறக்கத் திறக்கச் சூடேறும்.

மாடிவீட்டு_மல்லி:

நாலு மணி நேரக் கணக்கு 25 டிகிரிக்கு, பாலாடை. ஏசி இல்லாத சென்னை வீட்டுல அது செல்லாது. எடுத்த கையோட பிரிட்ஜுக்குப் போயிடணும். ஆபீஸ்ல எடுக்கிறதை ஐஸ் ஜெல் கட்டி போட்ட பையில கொண்டுவாங்க. சூடான புதுப்பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோட ஊத்தாதீங்க, புதுசும் குளிர்ந்த பிறகு சேர்க்கலாம்.

புதுக்குடித்தனம்:

நன்றி! பார்ப்போமேன்னு எடுத்து ஃப்ரீஸ் பண்ணின பால் சோப்பு வாடை அடிக்குது. கெட்டுப்போச்சா?

பாலாடை:

இல்லைம்மா. பால்ல இருக்கிற லைபேஸ்ங்கிற என்சைம் கொழுப்பை உடைக்கிறதால அப்படி. கொடுக்கலாம், ஆனா சில பிள்ளைங்க முகத்தைத் திருப்பிக்கும். அப்படின்னா இனிமே எடுத்த உடனே ஓரத்துல சின்னக் குமிழி வர்ற வரைக்கும் சூடு காட்டி, கொதிக்க விடாம இறக்கி, ஐஸ் தண்ணியில வெச்சுக் குளிரவெச்சு ஃப்ரீஸ் பண்ணுங்க. உறைஞ்சதை முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க. இளகினா 24 மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. கொடுக்கும்போது கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணியில வெச்சா போதும். அடுப்பு, மைக்ரோவேவ் ரெண்டும் வேண்டாம்.

மாடிவீட்டு_மல்லி:

அத்தைகிட்ட ரெண்டு விஷயம் பக்குவமாச் சொல்லிடுங்க. ஒரு வயசு வரைக்கும் நாக்குல தேன் தடவக் கூடாது, பொட்யூலிசம்கிற நச்சு நோய் வரலாம். ஆறு மாசம் வரைக்கும் தண்ணியும் கிரைப் வாட்டரும் வேண்டாம். டாக்டர் வாயாலயே சொல்லவெச்சா இன்னும் நல்லது, மருமக சொன்னதா இருக்காது.

ஆபீஸ்ல கேட்க வேண்டியது: 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு மகப்பேறு சட்டத்தோட 2017 திருத்தத்துல வந்தது. குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் பாலூட்ட ரெண்டு இடைவேளையும் சட்டத்துல உண்டு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்காம விட்டா பால் கட்டிக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, பால் கொடுக்கிறதை மட்டும் நிறுத்தாதீங்க.

நூல்சேலை:

பாட்டிலுக்குப் பதிலா பாலாடையில (மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம்) கொடுக்க அத்தை இப்பவே பழகட்டும். பாப்பாவை நிமிர்த்தி மடியில வெச்சு, பால் கீழுதட்டைத் தொடுற மாதிரி சாய்க்கணும், அவளே உறிஞ்சிக்குவா. உள்ள ஊத்தினா புரையேறும். பழக்குற அன்னைக்கு நீங்க மாடிக்கோ கடைக்கோ போயிடுங்க. நீங்க வீட்டுல இருக்கிறது தெரிஞ்சா பாலாடையைத் தட்டிவிட்டுடுவா.